பனிக்காட்டில் ஒரு கடை, இருநூறு பற்றுக் கணக்கு

காடு திருத்திக் குடியேறியவர்களின் வரலாறு என்றால் கோடரியைப் பற்றியும் ஏரைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அங்கே போனவர்கள் மாவும் சர்க்கரையும் விளக்கெண்ணெயும் யாரிடம், என்ன விலைக்கு, ரொக்கமாகவா கடனாகவா வாங்கினார்கள் என்பதை ஓரிரு வரியில் முடித்து விடுவார்கள். மளிகையில் காலம் தள்ளிய நமக்கோ முதலில் கேட்கத் தோன்றுவது அதுதான். அந்தக் கண்ணோடு பார்க்கும்போது அமெரிக்காவின் வடகோடியான அலாஸ்காவில் 1935-ல் நடந்த மட்டனூஸ்கா குடியேற்றம் வியாபாரப் பெருமக்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

1929-ல் தொடங்கிய பெருமந்தத்தில் அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் வேலையிழந்து அரசு நிவாரணத்தில் வாழ்ந்தார்கள். மிச்சிகன், விஸ்கான்சின், மின்னசோட்டா மாநிலங்களின் வடபகுதியில் காட்டு மரங்களை வெட்டி முடித்த பிறகு மிஞ்சிய நிலம் விவசாயத்துக்குச் சரிப்படவில்லை. குளிருக்குப் பழகிய இந்த மக்களை அலாஸ்காவில் குடியமர்த்தினால் அவர்களுக்கும் பிழைப்பு, அங்கே உணவும் விளையும் என்று ரூஸ்வெல்ட் அரசு திட்டம் போட்டது. 200-க்குச் சற்று மேற்பட்ட குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இடம், ஆங்கரேஜ் நகருக்கு வடகிழக்கே 42 மைலில் உள்ள மட்டனூஸ்கா பள்ளத்தாக்கு. அது ஆளே இல்லாத காடு அல்ல. டெனாய்னா, ஆட்னா என்னும் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த பகுதி. ரயில் பாதையும் முன்பே போட்டாகி விட்டது. சில விவசாயிகளும் ஏற்கெனவே இருந்தார்கள்.

மின்னசோட்டாவின் 67 குடும்பங்கள் முதலில் புறப்பட்டன. ரயிலில் சான் பிரான்சிஸ்கோ, அங்கிருந்து கப்பலில் அலாஸ்காவின் சீவார்டு துறைமுகம், மறுபடி ரயில் என்று 1935 மே 10-ந் தேதி பால்மர் என்ற இடத்தில் இறங்கின. வீடு இல்லை, கூடாரம்தான். மே 23-ல் சீட்டுப் போட்டு நிலம் ஒதுக்கினார்கள்; பெரும்பாலும் குடும்பத்துக்கு 40 ஏக்கர்.

கடன் நிபந்தனையைக் கேளுங்கள். குடும்பத்துக்கு 3,000 டாலர், வருடத்துக்கு 3 சதவீத வட்டி, 30 வருடத் தவணை. நமக்கு யார் இப்படிக் கொடுப்பார்கள் என்று பெருமூச்சு விடத் தோன்றும். ஆனால் அந்தப் பணம் குடியேறியவன் கையில் எண்ணிக் கொடுக்கப்படவில்லை. நிலம், வீடு, தொழுவம், கிணறு, பசு, குதிரை, கருவிகள் எல்லாவற்றையும் திட்டத்தை நடத்திய அலாஸ்கா ஊரக மறுவாழ்வுக் கழகமே வாங்கிக் கொடுத்தது. தொகையைக் குடும்பத்தின் பேரில் பற்று எழுதியது. மளிகையும் அப்படியே. கழகத்தின் கடையில் பொருள் எடுத்தால் அதுவும் கணக்கில் ஏறும். விலை கேட்டு, நாலு கடை ஏறி இறங்கி வாங்குகிற வாய்ப்பே இல்லை. தன் கணக்கில் என்ன ஏறுகிறது என்று தெரியாத கடனாளியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கடைசியில் அவனுக்கும் சங்கடம், கொடுத்தவனுக்கும் சங்கடம்.

ஆறு வாரத்திற்குள் புகைச்சல் கிளம்பி விட்டது. வீடு எழும்பவில்லை, கிணறு வெட்டவில்லை, பாதை இல்லை, கருவிகள் போதவில்லை, கடை விலையோ கொள்ளை விலை என்று குடியேறியவர்களில் சிலர் வாஷிங்டனுக்கே தந்தி அடித்தார்கள். பத்திரிகைகள் அதைப் பெரிதாகப் போட்டன. அதிகாரிகள் வந்தார்கள், வேலை வேகம் பிடித்தது. குளிர் இறுகுவதற்குள் பெரும்பாலோர் கூடாரத்திலிருந்து மரவீட்டுக்குப் போய்விட்டார்கள். தந்தியில் வீட்டோடும் கிணற்றோடும் கடை விலையையும் சேர்த்துச் சொன்னார்கள் பாருங்கள், அதைக் கவனிக்க வேண்டும். குளிரைக்கூட மனிதன் பொறுத்துக்கொள்வான். ஒரே கடை, அந்தக் கடைக்காரனே கடன்காரனாகவும் எஜமானனாகவும் இருப்பதைப் பொறுப்பது கடினம்.

1935-36 குளிர்காலத்தில் கழகம் இன்னொன்று செய்தது. குடும்பத்தின் தேவையைக் கணக்கிட்டு நாணயத்துக்குப் பதில் உலோக வில்லைகளைக் கொடுத்தது. ஒரு சென்ட் முதல் ஒரு டாலர் வரை அலுமினியம், ஐந்து டாலரும் பத்து டாலரும் பித்தளை. ஒரு சென்ட் வில்லை மட்டும் எட்டு மூலை; மற்றவை அந்தந்த அமெரிக்க நாணயத்தின் அளவை ஒட்டியவை. ஜனங்கள் இதற்கு ‘பிங்கிள்’ என்று பெயர் வைத்தார்கள். கழகக் கடையில் மட்டுமே செல்லும். பக்கத்து ஊர்க் கடையில் கொடுத்தால் வெறும் தகரம். நம் பக்கம் மில்களிலும் விடுதிகளிலும் கேண்டீன் டோக்கன் பார்த்தவர்களுக்கு இது புரியும். கணக்குப் பார்க்க எளிது, காசு வெளியே போகாது என்று கடை நடத்துபவருக்கு ஆசையாக இருக்கும். ஆனால் வாடிக்கையாளர் விரும்பி வருகிறாரா, வேறு வழியின்றி வருகிறாரா என்பதே தெரியாமல் போய்விடும். அப்படிப்பட்ட கடை சரக்கின் தரத்தை எதற்குக் கவனிக்கப் போகிறது? சுமார் ஆறு மாதத்தில் பிங்கிளைத் திரும்பப் பெற்று அழித்துவிட்டு வழக்கமான நாணயத்துக்கே வந்தார்கள். தப்பிய சில வில்லைகளை இன்று நாணயம் சேகரிப்போர் முகமதிப்பைவிடப் பன்மடங்கு விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

சரி, விளைச்சல்? மண்ணில் குறை சொல்ல முடியாது. பனியாறுகள் அரைத்த நுண்துகளைக் காற்று வாரிக் கொண்டுவந்து படிய வைத்த மண். உறைபனி இல்லாத காலம் மூன்றரை மாதம்தான் என்றாலும், ஜூன் மாதத்தில் ஒரு நாளில் 19 மணி நேரம் வெயில். உருளை, முட்டைக்கோஸ், கேரட், ஓட்ஸ் நன்றாக வந்தன. டிசம்பரில் ஐந்தரை மணி நேரமே பகல் வெளிச்சம். அப்போது நிலவறையில் சேமித்த காய்கறியும் பாடம் செய்த உணவும்தான் துணை.

விளைந்ததை எங்கே விற்பது என்பதில்தான் சிக்கல். 1936-ல் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். விற்பனையையும் பால் பதப்படுத்தலையும் அது கவனித்தது. கைக்கெட்டிய சந்தை ஆங்கரேஜ். அன்று அது சில ஆயிரம் பேர் வாழ்ந்த சிற்றூர். கப்பல் கூலி கொடுத்துத் தெற்கே அனுப்பினால் கட்டாது. 40 ஏக்கரில் பாதியைத் திருத்தவே பல வருடமாகும், அதற்குள் கடன் ஏறும். 1940-க்குள் வந்தவர்களில் பாதிக்கு மேல் திரும்பிவிட்டார்கள். சோம்பேறிகள், வசதி தேடிப் போனவர்கள் என்று அவர்களை ஏசியவர்கள் உண்டு. நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். வாங்குபவன் இல்லாத இடத்தில் சரக்கோடு உட்கார்ந்திருப்பது என்னவென்று நமக்குத் தெரியும்.

நிலைத்தவர்களுக்கு 1940-ல் காலம் திரும்பியது. ஆங்கரேஜில் ராணுவம் பெரிய தளம் அமைக்கத் தொடங்கியது. பாலும் உருளைக்கிழங்கும் வாங்க ஆயிரக்கணக்கில் ஆள் வந்து சேர்ந்தது. போனவர்கள் விட்ட நிலத்தையும் சேர்த்துச் சிலர் பண்ணையைப் பெரிதாக்கினார்கள். கூட்டுறவின் பால் ‘மட்டனூஸ்கா மெய்டு’ என்ற பெயரில் பல்லாண்டு விற்றது. 1980-களில் அது நொடித்து மாநில அரசின் கைக்குப் போய், 2007-ல் மூடப்பட்டது. தெற்கிலிருந்து வந்து இறங்கும் பாலின் விலையோடு போட்டி போட முடியவில்லை. 1965-ல் முதலில் வந்த குடும்பங்களில் 20 மட்டுமே அங்கே விவசாயம் செய்துகொண்டிருந்தன.

இன்று பள்ளத்தாக்கில் வயல்களை வீட்டுமனைகள் விழுங்கி வருகின்றன. 32 அடிக்கு 32 அடி சதுரமாகக் கட்டிய அந்தக் காலத் தொழுவங்கள் அங்கங்கே நிற்கின்றன. 1936-ல் குடியேறியவர்கள் தொடங்கிய பால்மர் பொருட்காட்சி இன்றும் நடக்கிறது. 2012-ல் அங்கே ஒருவர் கொண்டுவந்த முட்டைக்கோஸ் 138 பவுண்டு, அதாவது 62 கிலோவுக்கு மேல். அதைத் தூக்கி வைக்க நம் கடைத் தராசுத் தட்டு போதாது.