கோல்ஃப் பயிற்சியில் சேர்ந்தால் மட்டும் போதுமா? கட்டணம் வீணாகாமல் கற்பது எப்படி?

புது தில்லி: கோல்ஃப் என்பது கிளப் உறுப்பினர்களுக்கு மட்டுமே உரிய ஆட்டம் என்ற எண்ணம் இந்தியாவில் இன்னும் முழுமையாக மாறவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. 1829-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ள மிகப் பழைமையான கோல்ஃப் கிளப்பாகும். அன்று முதல் இந்த ஆட்டம் பெரும்பாலும் மதில்களுக்கு உள்ளேயே வளர்ந்தது. ஆனால், தில்லி வளர்ச்சி ஆணையம் லாடோ சராயில் நடத்திவரும் குதுப் கோல்ஃப் மைதானம் போன்ற பொது மைதானங்களிலும், பெருநகரங்களில் உள்ள டிரைவிங் ரேஞ்ச் எனப்படும் பந்தடிப் பயிற்சித் திடல்களிலும் இப்போது உறுப்பினர் அல்லாதோரும் கட்டணம் செலுத்திக் கற்க முடிகிறது.

சேர்வது எளிதாகிவிட்டாலும் தொடர்வது அவ்வளவு எளிதாக இல்லை. பத்து வகுப்புகளுக்கு முன்பணம் செலுத்திவிட்டு, நான்காவது வகுப்புடன் நின்றுவிடுவோர் உண்டு. பயிற்றுநருடன் செலவிடும் ஒரு மணி நேரத்தில் ஆட்டம் கைவந்துவிடும் என்ற எதிர்பார்ப்பே இந்த ஏமாற்றத்தின் வேர். உண்மையில் அந்த ஒரு மணி நேரம் குறையைக் கண்டறிவதற்கானது. குறை திருந்துவது அடுத்த வகுப்புக்கு முந்தைய நாள்களில்தான். மருத்துவரைப் பார்த்துவிட்டு மருந்து வாங்காமல் வீடு திரும்பினால் என்ன பயனோ, அதுவே பயிற்சி செய்யாமல் வகுப்புக்கு மட்டும் வருவதன் பயனும்.

மட்டை வாங்க அவசரம் வேண்டாம்

ஓர் ஆட்டத்தின்போது வீரர் ஒருவர் அதிகபட்சம் 14 மட்டைகளை வைத்திருக்க விதிகள் அனுமதிக்கின்றன. இதைக் கேட்டதும் முழுத் தொகுப்பையும் வாங்கிவிடுவது தொடக்கநிலையாளர்கள் செய்யும் முதல் வீண்செலவு. முதல் சில வாரங்களுக்கு 7-ஆம் எண் அயர்ன், குறைந்த தொலைவுக்கான ஒரு வெட்ஜ், ஒரு புட்டர் ஆகிய மூன்றே போதுமானவை. பல திடல்களில் இவை வாடகைக்கும் கிடைக்கின்றன. உயரத்துக்கும் உடலசைவுக்கும் ஏற்ற மட்டை எது என்பது சில வகுப்புகளுக்குப் பிறகே தெரியவரும். கையுறை ஒன்றை மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்வது நல்லது.

பயிற்றுநரின் தகுதியைக் கேட்டறிவதில் தயக்கம் தேவையில்லை. இந்திய கோல்ஃப் சங்கத்தின்கீழ் இயங்கும் தேசிய கோல்ஃப் அகாடமி, பயிற்றுநர்களுக்குப் பயிற்சியளித்துச் சான்றிதழ் வழங்குகிறது. அதேபோல், கற்பவரும் தம்மைப் பற்றிச் சிலவற்றை முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். முதுகு வலி, முழங்கால் காயம் இருந்தால் மறைக்கக் கூடாது. கோல்ஃப் மென்மையான ஆட்டம் போலத் தோன்றினாலும், இடுப்பும் முதுகும் வேகமாகத் திரும்பும் ஆட்டம் அது. அலுவலக நண்பர்களுடன் விளையாடுவதற்காகக் கற்கிறாரா, போட்டிகளில் பங்கேற்கும் எண்ணம் உள்ளதா, வாரத்தில் எத்தனை நாள் பயிற்சிக்கு வர முடியும் என்பதைப் பொறுத்தே பாடத்திட்டம் அமையும்.

கிரிக்கெட் பழக்கம் உதவுமா?

இந்தியாவில் கோல்ஃப் கற்க வருவோரில் பலர், சிறு வயதில் தெருவில் கிரிக்கெட் ஆடியவர்கள். முன்னாள் கேப்டன் கபில்தேவ் ஓய்வுக்குப் பின் கோல்ஃப் பக்கம் திரும்பி, 2024-ஆம் ஆண்டில் இந்தியத் தொழில்முறை கோல்ஃப் சுற்று அமைப்பின் தலைவராகவும் ஆனார். கண்ணும் கையும் இணைந்து செயல்படும் திறன் கிரிக்கெட்டிலிருந்து கிடைக்கும் நல்ல முதலீடுதான். ஆனால் அதே அனுபவம் இடையூறாகவும் மாறும். கிரிக்கெட்டில் பந்தை நோக்கிக் கால் நகர வேண்டும். கோல்ஃபில் நின்ற இடத்திலேயே உடல் சுழல வேண்டும். அங்கே வேகமாக வரும் பந்துக்கு உடல் தானாக எதிர்வினையாற்றுகிறது. இங்கே பந்து அசையாமல் காத்திருக்கிறது. யோசிக்கக் கிடைக்கும் அந்த நேரமே பலருக்குப் பகையாகிவிடுகிறது.

பந்தை மேலே தூக்கிவிட வேண்டும் என்ற உந்துதல் தொடக்கநிலையாளர்களிடம் பரவலாகக் காணப்படும் மற்றொரு குறை. அப்படி முயலும்போது உடல் எடை பின்காலிலேயே தங்கிவிடுகிறது. மட்டை பந்துக்கு முன்பாகவே தரையில் மோதுகிறது, அல்லது பந்தின் தலைப்பகுதியை மட்டும் உரசிச் செல்கிறது. பந்து எழும்பாமல் தரையில் உருண்டோடுகிறது. அயர்ன் மட்டையின் முகப்பு ஏற்கெனவே சாய்வாகவே வடிவமைக்கப்பட்டுள்ளது. மட்டை கீழ்நோக்கி வந்து பந்தைத் தொட்டால், அந்தச் சாய்வே பந்தை மேலே எழுப்பிவிடும். இந்த ஓர் உண்மையை உடல் நம்பத் தொடங்குவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும்.

வகுப்புகளுக்கு இடையே

ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் பயிற்றுநரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அடுத்த வகுப்பு வரை நான் எந்த ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும்?" பிடிமானம், நிற்கும் நிலை, தோள் திருப்பம் என ஐந்து குறைகளை ஒரே நேரத்தில் சரிசெய்ய முயன்றால் எதுவுமே நிலைக்காது. விடையை அங்கேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பயிற்றுநரின் அனுமதியுடன், சொந்தக் கைப்பேசியில் ஒருமுறை நேரெதிரிலிருந்தும், ஒருமுறை பந்து செல்லும் திசைக்குப் பின்னாலிருந்தும் காணொலி எடுத்துக்கொள்ளலாம். உடல் செய்வதாக நாம் உணர்வதற்கும் அது உண்மையில் செய்வதற்கும் உள்ள இடைவெளியைக் கண்ணாடியைவிடக் காணொலி தெளிவாகக் காட்டும்.

பயிற்சித் திடலில் நூறு பந்துகளை மூச்சு வாங்க அடித்துத் தீர்ப்பது பயிற்சி ஆகாது. அது உடற்பயிற்சி மட்டுமே. ஒவ்வொரு பந்துக்கும் ஓர் இலக்கைத் தேர்ந்தெடுத்து, நிதானித்து அடிக்கும் முப்பது பந்துகள் அதைவிடப் பயன் தரும். செயற்கைப் புல்விரிப்பில் அடிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மட்டை பந்துக்குப் பின்னால் தரையில் பட்டாலும், விரிப்பின்மீது வழுக்கிச் சென்று பந்தை ஓரளவு நன்றாகவே அனுப்பிவிடும். அதே தவறை இயற்கைப் புல்லில் செய்தால் மண்தான் பெயரும். எனவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் இயற்கைப் புல்தரையிலும் பயிற்சி செய்ய வேண்டும்.

பலரும் நேரத்தை முழுவதுமாக நீண்ட தூர அடிக்கே செலவிடுகின்றனர். 72 அடிகளில் முடிக்க வேண்டிய மைதானத்தில், 18 குழிகளுக்கும் தலா இரண்டு என 36 அடிகள் பந்தைக் குழியை நோக்கி உருட்டும் புட்டிங்குக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. அதாவது சரிபாதி. பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக், டோக்கியோ ஒலிம்பிக்கில் உலகத் தரவரிசையில் 200-ஆவது இடத்துடன் களமிறங்கி, ஒரே அடியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பெற்றார். பந்தைத் தொலைவாக அடிப்பதில் முன்னணி வீராங்கனைகள் பலரைவிட அவர் பின்தங்கியே இருந்தார். அவரைப் பதக்கத்தின் வாசல் வரை கொண்டுசென்றது புட்டிங் திறமையே. பத்து வகுப்புகளில் மூன்றையாவது குழிக்கு அருகிலான ஆட்டத்துக்கு ஒதுக்குமாறு பயிற்றுநரிடம் கேட்பது நியாயமான கோரிக்கை. பெரும்பாலான பயிற்றுநர்கள் அதை மகிழ்ச்சியுடன் ஏற்பார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

அறிவுரைகளின் கூட்டம்

திடலில் பக்கத்து இடத்தில் நிற்பவர், உறவினர், யூடியூப் காணொலி என அறிவுரைக்குப் பஞ்சமிருக்காது. அவற்றில் பல சரியாகவும் இருக்கலாம். ஆனால் வேறொருவரின் குறைக்கான மருந்தாக இருக்கும். மைதானத்தில் உடன்வரும் கேடிகளின் நிலை வேறு. 1991-ஆம் ஆண்டு இந்திய ஓபன் பட்டத்தை வென்ற அலி ஷேர், தில்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக வாழ்வைத் தொடங்கியவர். அவர்களுடைய அனுபவ அறிவு எளிதில் கிடைக்காதது. தரை எந்தப் பக்கம் சாய்கிறது, காற்று எப்படி வீசுகிறது என்பதில் அவர்கள் சொல்வதைக் கேட்பது நல்லது. மட்டையைச் சுழற்றும் முறையைப் பொறுத்தவரை, பாடம் முடியும்வரை ஒரே ஆசிரியர் இருப்பதே சிறந்தது.

நான்கைந்து வகுப்புகள் முடிந்ததும், ஒரு வகுப்பை மைதானத்திலேயே நடத்தித் தருமாறு கேட்கலாம். பிறர் இருக்கும் திசையில் பந்து சென்றால் "ஃபோர்" என உரக்கக் கத்தி எச்சரிப்பது, காணாமல்போன பந்தை மூன்று நிமிடங்களுக்கு மேல் தேடக் கூடாது என்ற விதி, பின்னால் வருவோரைக் காக்க வைக்காமல் நகர்வது ஆகியவற்றைத் திடலில் கற்க முடியாது.

ஐந்தாறு வகுப்புகளுக்குப் பிறகும் தாம் எந்தக் குறையைத் திருத்துகிறோம் என்பதைப் பயிற்றுநரால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை என்றால், வேறொருவரை நாடுவதில் தவறில்லை. அதனால் முதலிலேயே பத்து வகுப்புகளுக்குப் பணம் கட்டாமல், ஒன்றிரண்டு தனி வகுப்புகளில் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். மொத்தமாகக் கட்டுவதாக இருந்தால், எத்தனை மாதங்களுக்குள் முடிக்க வேண்டும், மழையால் நின்றுபோகும் வகுப்புக்கு மாற்று நாள் உண்டா, பந்துக்கும் மைதானத்துக்கும் தனிக் கட்டணமா ஆகியவற்றை எழுத்துப்பூர்வமாகப் பெற்றுக்கொள்வது பாதுகாப்பானது. வட மாநிலங்களில் மே, ஜூன் மாதங்களில் சேர்வோர் அதிகாலை நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது நல்லது.