சப் ஊஃபர் விற்பனை: வாட்ஸ் பார்த்து அல்ல, அறை பார்த்து!

கல்பாக்கம், புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம் பகுதிகளில் மின்சாதனக் கடை நடத்தும் நமது உறுப்பினர்களுக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு. அணுமின் நிலையத்திலும் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் பணிபுரிவோர் நம் வாடிக்கையாளர்கள். அவர்கள் சாமான் வாங்கும்போது விலையை மட்டும் கேட்பதில்லை, கணக்கும் கேட்பார்கள். பதில் சொல்லத் தெரியாத கடைக்காரரை விட்டு ரிச்சி தெருவுக்கோ, இன்டர்நெட் விற்பனைக்கோ போய்விடுவார்கள். ஆகவே வீட்டு மியூசிக் சிஸ்டத்துக்கான சப் ஊஃபரைப் பற்றி வணிக நண்பர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தருகிறேன்.

சப் ஊஃபரின் வேலை என்ன?

மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். மூன்று அங்குல ஸ்பீக்கரால் அடித்தள ஓசையைத் தர முடியாது. அந்தக் குறையை நிரப்புவதே சப் ஊஃபர். பாட்டு முழுவதையும் அது பாட வேண்டியதில்லை. சுமார் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் தந்தால் போதும். நான்கு தந்தி பாஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். ஆகவே சினிமாப் பாட்டு கேட்பவருக்கு 40 ஹெர்ட்ஸ் வரை தெளிவாக இறங்கும் பெட்டி போதுமானது. வெடிச் சத்தத்தோடு படம் பார்க்க விரும்புபவருக்குத்தான் அதற்கும் கீழே இறங்கும் பெரிய பெட்டி வேண்டும்.

வாட்ஸ் மயக்கம்

அட்டைப் பெட்டியின் மேல் "5,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று அச்சிட்டிருக்கும். இந்த பி.எம்.பி.ஓ. அளவுக்கு உறுதியான இலக்கணம் எதுவும் கிடையாது. தயாரிப்பாளர் விரும்பிய எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ். அதிலும் சந்தேகம் வந்தால் பின்புறத் தகட்டைப் பாருங்கள். அங்கே மின்நுகர்வு 60 வாட்ஸ் என்று இருந்தால், தொடர்ந்து வெளிவரும் சக்தி அதைத் தாண்ட வழியில்லை. பத்து ரூபாய் முதலில் பதினைந்து ரூபாய்ச் சரக்கு எடுக்க முடியுமா?

இன்னொரு கணக்கு: வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் ஓசை 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது சிறு மாற்றமே. 50 வாட்ஸுக்கும் 60 வாட்ஸுக்கும் வித்தியாசம் சொல்லிக் கூடுதல் விலை வாங்குவது நியாயமான வியாபாரம் அல்ல. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான வழியில் இட்டுச்செல்லும் விளம்பரத்தைத் தண்டனைக்கு உரியதாக்கியிருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எந்தப் பெட்டி?

1. மூடிய பெட்டி: ஓசை இறுக்கமாகவும் தெளிவாகவும் இருக்கும். மிருதங்கம், தவில் கேட்பவர்களுக்கு ஏற்றது. சிறிய அறைக்கும் பொருந்தும்.

2. துளையுள்ள பெட்டி: அதே வாட்ஸில் ஓசை அதிகம். படம் பார்ப்பவர்கள் விரும்புவார்கள். துளையைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது, அரை அடியாவது இடைவெளி வேண்டும். பல்லி, கரப்பான் புகாதபடி கவனிக்கச் சொல்லுங்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு 8 அங்குல ஊஃபர் போதும். பெரிய ஹாலுக்கு 10 அல்லது 12 அங்குலம் கொடுக்கலாம்.

நம் ஊர் கடற்கரை ஊர். உப்புக் காற்றில் இரும்புத் திருகும் வயர் மாட்டும் முனையும் சீக்கிரம் துருப்பிடிக்கும். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ஃபோம் என்றால் ஈரத்தில் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். ரப்பர் வளையம் நீடிக்கும். தூள் மரப் பலகைப் பெட்டி ஈரத் தரையில் ஊதிவிடும். குடோனில் சரக்கைத் தரையில் அடுக்காமல் பலகை மேல் அடுக்குங்கள். வாடிக்கையாளரிடமும் சிறு கல் பலகையின் மேல் வைக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் அமைக்கும் முறை

எங்கள் மொத்தக் கடைக்குத் திரும்பி வரும் சப் ஊஃபர்களில் பல பழுதானவையே அல்ல, வைத்த இடம் சரியில்லாதவை. 40 ஹெர்ட்ஸ் ஓசையலையின் நீளம் சுமார் 28 அடி. அறையோ பன்னிரண்டு அடி. செங்கல் சுவரில் அலை மோதித் திரும்பி, ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். பன்னிரண்டு அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் அருகில் இப்படி ஆகும். மூலையில் வைத்தால் ஓசை பெருகும், ஆனால் 'கும்'மென்று குழம்பும்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. உட்கார்ந்து கேட்கும் நாற்காலியின் இடத்தில் சப் ஊஃபரை வைத்துப் பழக்கமான ஒரு பாட்டைப் போடுங்கள். பிறகு சுவர் ஓரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு சுரமும் ஒரே அளவாகக் கேட்கிறதோ, அங்கேயே பெட்டியை வையுங்கள்.

அடுத்து கிராஸ் ஓவர் குமிழ். பெரிய ஸ்பீக்கர்களுடன் 80 ஹெர்ட்ஸ், சிறிய ஸ்பீக்கர்களுடன் 120 ஹெர்ட்ஸ் அருகில் வைத்துத் தொடங்கலாம். ஆம்ப்ளிஃபயரிலேயே இந்தப் பிரிப்பு இருந்தால், பெட்டியின் குமிழை உச்சத்தில் வைத்துவிட வேண்டும். ஃபேஸ் சுவிட்சை 0, 180 இரண்டிலும் போட்டுப் பார்த்து, பாஸ் நிறைவாகக் கேட்கும் பக்கம் விடுங்கள். கடைசியில் வால்யூம். சப் ஊஃபர் தனியாகத் தெரியாமல், அதை நிறுத்தினால் மட்டும் குறை தெரிய வேண்டும். அதுவே சரியான அளவு.

'ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் கோளாறு பெட்டியில் இல்லை, எர்த் சுற்றில் இருக்கிறது. இதற்காக மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை ஒருபோதும் வெட்டக் கூடாது. அது உயிருக்கு ஆபத்து.

அண்டை வீட்டாரையும் நினைக்க வேண்டும். குவார்ட்டர்ஸிலும் அடுக்குமாடியிலும் தாழ்ந்த ஓசை சுவர் வழியாக எளிதில் ஊடுருவும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பதே வரம்பு. விற்கும்போதே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

பெட்டியை விற்றதோடு நம் வேலை முடிவதில்லை. வாடிக்கையாளர் வீட்டுக்கு ஆள் அனுப்பி, அரை மணி நேரம் செலவிட்டு அமைத்துக் கொடுங்கள். தூரத்துக் கிடங்கிலிருந்து பார்சலில் வரும் சரக்கு, விலையில் நம்மை வெல்லலாம். அறைக்குள் வந்து காது கொடுத்துக் கேட்டு வைத்துக் கொடுக்க உள்ளூர்க் கடைக்காரரால்தான் முடியும். அந்த அரை மணி நேரமே நம் முதல்.