ரஷ்யாவில் ஆங்கில ஆசிரியர் வேலை: எந்த விசாவில் போகிறீர்கள்?

மருத்துவம் படிக்கப் பிள்ளைகளை ரஷ்யாவுக்கு அனுப்புவது ஆந்திரத்துக்குப் புதிதல்ல. சித்தூர், திருப்பதிப் பக்கம் பி.எட். முடித்துத் தனியார் பள்ளிச் சம்பளத்தில் காலம் தள்ளும் ஆங்கில ஆசிரியர்களும் அந்தப் பக்கம் போகலாமா? போகலாம், கண்ணைத் திறந்துகொண்டு.

அங்குள்ள பள்ளிகளில் ஆங்கிலமே இன்றும் முதன்மையான அந்நிய மொழி. ஆனால் 2018-இல் பிரிட்டிஷ் கவுன்சிலை ரஷ்யா மூடவைத்தது; 2025 ஜூனில் 'விரும்பத்தகாத அமைப்பு' என்றே அறிவித்தது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் மேற்கத்திய நிறுவனங்கள் பல கிளம்பிவிட்டன. அதற்காக இந்தியர்களுக்குக் கதவு அகலத் திறந்துவிடவில்லை. மொழிப் பயிற்சி மையங்கள் 'நேட்டிவ் ஸ்பீக்கர்' கேட்பதை விடவில்லை. பத்தாண்டு பாடம் நடத்திய நம்மூர் ஆசிரியரைவிட, வகுப்பறையே பார்க்காத லண்டன் இளைஞனுக்கு மவுசு அதிகம். அநியாயம்தான்.

இனி விசா. சிக்கல் முழுக்க இங்கேதான். இந்தியர்களுக்கு ரஷ்யா இ-விசா தருகிறது. சுற்றிப் பார்க்கலாம், வேலை செய்யக் கூடாது. "முதலில் போய்விடுங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் அத்தோடு எழுந்து வந்துவிடுங்கள். வேலைக்கு எடுக்கும் நிறுவனம் அழைப்புக் கடிதம் வாங்கித் தர வேண்டும். அதைக் கொண்டு சென்னை சாந்தோமில் உள்ள ரஷ்யத் துணைத் தூதரகத்தில் வேலை விசா பெற வேண்டும். சாதாரணப் பணி அனுமதிக்கு ரஷ்ய மொழி, வரலாறு, சட்டம் மூன்றிலும் தேர்வு உண்டு. பட்டச் சான்றிதழுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை, ரஷ்ய மொழிபெயர்ப்பு, போலீஸ் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது. 2025 டிசம்பரில் புதின் டெல்லி வந்தபோது இரு நாடுகளும் தொழிலாளர் ஒப்பந்தம் போட்டன. அதனால் விசாவே வேண்டாம் என்று ஆகிவிடவில்லை.

சம்பளத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. பன்னிரண்டு மாதத்தில் 183 நாள் அங்கே தங்காதவரை பொதுவாக வரி 30 சதவீதம். 60,000 ரூபிள் பேசியிருந்தால் கைக்கு வருவது 42,000. பிறகு அது 13 சதவீதமாகக் குறையும். ஊருக்குப் பணம் அனுப்புவதும் பொருளாதாரத் தடைகளால் எளிதல்ல.

இந்த அலைச்சல் எதுவும் இல்லாத வழி ஒன்று உண்டு. மாஸ்கோவில் இந்திய அரசின் கேந்திரிய வித்யாலயா (கேவி) ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் உள்ள மூன்றில் அது ஒன்று. மற்றவை காத்மாண்டு, தெஹ்ரான். கேவி ஆசிரியர்களிலிருந்தே அங்கு ஆள் எடுக்கிறார்கள். முதலில் இங்கே கேவி வேலைக்குத் தேர்வாக வேண்டும் என்பதால் காலம் பிடிக்கும். என்றாலும், என் கணக்கில் இதுவே முதல் வழி.

ஏஜென்ட் வழியே போவதானால் ஒன்றைக் கவனியுங்கள். இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி கட்டாயமான 18 நாடுகளின் பட்டியலில் ரஷ்யா இல்லை. அதனால் உங்கள் ஒப்பந்தத்தை எந்த அதிகாரியும் பார்க்க மாட்டார். வேலை என்று சொல்லி அழைத்துப் போய்ப் போர்முனையில் நிறுத்திய ஏஜென்ட்டுகள் மீது 2024 மார்ச்சில் சிபிஐ வழக்குப் போட்டதை மறந்துவிடக் கூடாது. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி மட்டும். ஒப்பந்த நகலும் வேலை விசாவும் கைக்கு வரும்வரை இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள்.