கரையான் புற்றுக்குள் காளான் தோட்டம்: 1779-லேயே எழுதிவைத்த தரங்கம்பாடி விஞ்ஞானி

கரையான் புற்றெடுக்க, பாம்பு குடிபுகுந்த கதை நமக்குத் தெரியும். ஆனால், அதே புற்றில் கரையானே கூப்பிட்டுக் குடிவைத்த இன்னொரு ஆள் உண்டு. அது ஒரு பூஞ்சை.

புதுக்கோட்டை மாவட்டத்தின் செம்மண் காடுகளில் புற்றுகளுக்குப் பஞ்சமே இல்லை. இப்படிப் பெரிய மண் புற்று கட்டும் கரையான்களில் முக்கியமானது ஓடோன்டோடெர்மிஸ் ஒபீசஸ். காய்ந்த இலை, மரப்பட்டை, வைக்கோல் என்று இது எதையும் விடாது. ஆனால், மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருள் அதற்குச் செரிக்காது. அதனால் தின்றதை அரைகுறையாகவே புற்றுக்குள் கழித்து, தேனடை போன்ற அடுக்குகளாகக் கட்டுகிறது. அதன்மேல் டெர்மிடோமைசிஸ் என்ற பூஞ்சை வளர்ந்து, மரச்சத்தை உடைத்துக் கொடுக்கிறது. பூஞ்சையில் முளைக்கும் வெள்ளை உருண்டைகள் கரையானுக்குச் சாப்பாடு. சும்மா சொல்லவில்லை, இது விவசாயமேதான்!

யார் முதலில் பார்த்தது?

யோகான் கெர்ஹார்ட் கோனிக். ஸ்வீடன் விஞ்ஞானி லின்னேயஸின் மாணவர். 1768-ல், டேனிஷ்காரர்கள் கையில் இருந்த தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவர். பின்னர் ஆற்காடு நவாப்பிடமும் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் வேலை பார்த்தார். கரையான்களைப் பற்றி இவர் ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரை 1779-ல் பெர்லினில் வெளியானது. புற்றுக்குள் பூஞ்சை இருக்கிறது, அது குஞ்சுகளுக்கு உணவாகலாம் என்று முதலில் பதிவு செய்தவர் இவர்தான். அந்தப் பூஞ்சைக்கு டெர்மிடோமைசிஸ் என்று பெயர் கிடைத்ததோ 1942-ல்!

ஈசல் பிடிப்பதையும் கோனிக் விட்டுவைக்கவில்லை. புற்றில் இரண்டு ஓட்டை போடுவார்கள். காற்று வரும் பக்கம் நாற்றமடிக்கும் புகை, மறுபக்கம் பானை. புகைக்குப் பயந்து ஈசல் பானைக்குள் வந்து விழும். அதை மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்வார்களாம். பொரியரிசியோடு ஈசல் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

களையெடுக்கும் மூக்கு

தோட்டம் என்றால் களையும் வருமே? வரும். அதன் பெயர் சூடோசைலேரியா. கரையான் கைவிட்ட அடுக்குகளைச் சில நாட்களிலேயே மூடிவிடும் பூஞ்சை இது. அப்படியானால் ஆள் இருக்கும் புற்றில் மட்டும் ஏன் அடங்கிக் கிடக்கிறது? பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ரெனீ போர்ஜஸ் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். பயிர்ப் பூஞ்சைக்கும் களைப் பூஞ்சைக்கும் வாசனை வேறு. அதை மோப்பம் பிடித்து, களையை மட்டும் தேடிப்போய் மண்போட்டு மூடுகின்றன கரையான்கள். கண் தெரியாத வேலைக்காரக் கரையானுக்கு மூக்குதான் எல்லாம் (மூக்கு என்றது பேச்சுக்கு, உண்மையில் அது உணர்கொம்பு).

புதுக்கோட்டைக்கு இதில் என்ன?

தைல மரக்கன்றுகளின் வேரைக் கரையான் அரிக்கும். தோட்டம் போடுபவர்கள் மருந்து ஊற்றுவது அதனால்தான். அது நியாயமான கவலைதான். ஆனால், மருந்தும் ஜேசிபியும் எல்லாப் புற்றையும் ஒரே மாதிரி எதிரியாகப் பார்ப்பது சரியில்லை. கரையான் தோண்டும் சுரங்கங்கள் வழியாகத்தான் இறுகிய மண்ணுக்குள் மழைத்தண்ணீர் இறங்குகிறது. வானத்தையும் கண்மாயையும் நம்பியிருக்கும் மாவட்டத்தில் இது சின்ன விஷயமா?

காளானையும் மறக்கக்கூடாது. மழைக்குப் பின் புற்றடியில் முளைக்கும் புற்றுக்காளான், இதே பூஞ்சையின் பூ மாதிரி. வேர்போல நீளும் அதன் தண்டு, பூமிக்குள் அந்த அடுக்குவரை போகும். சிப்பிக்காளான் மாதிரி இதை வைக்கோல் பையில் வளர்த்துவிட முடியாது; கரையான் இல்லாமல் பிழைக்கத் தெரியாத பூஞ்சை அது. புதிதாகக் குடித்தனம் தொடங்கும் ஈசல் ஜோடியில் பெரும்பாலானவை இந்தப் பூஞ்சையைக் கையோடு கொண்டுபோவதும் இல்லை. அவற்றின் முதல் பிள்ளைகள் வெளியே வந்து, காளான் உதிர்த்த வித்துக்களைப் பொறுக்கிப்போய்த்தான் தோட்டத்தைத் தொடங்குகின்றன. பக்கத்தில் காளான் பூக்க ஒரு பழைய புற்றும் மிச்சமில்லை என்றால், புதுப் புற்றுக்கு விதை ஏது?