பார்த்த படத்தையே பார்ப்பது ஏன்?

சென்ற திங்கள் மாதுங்காவில் அன்பர் ஒருவரது இல்லத்தில் நம் சங்க உறுப்பினர் சிலர் கூடியிருந்தோம். காப்பி வந்தது, மழை வந்தது, வெளியே செல்ல இயலாத நிலையில் பேச்சு எங்கெங்கோ சுற்றி முடிவில் திரைப்படத்தில் வந்து நின்றது. அப்பொழுது வீட்டுக்காரரின் மகன், கல்லூரியில் பயிலும் இளைஞன், ஒரு வினாவைப் போட்டான். “இனி வாழ்நாளெல்லாம் ஒரே ஒரு படத்தைத்தான் பார்க்கலாம் என்று யாரேனும் கட்டளையிட்டால், எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?”

விளையாட்டாகக் கேட்ட வினாதான். ஆயினும் அதற்கு விடை சொல்ல நாம் எடுத்துக்கொண்ட நேரம் சங்கத் தேர்தலுக்குக் கூட எடுத்துக்கொண்டதில்லை. செம்பூரிலிருந்து வந்திருந்த அம்மையார் ‘தில்லானா மோகனாம்பாள்’ என்றார். வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ‘கர்ணன்’ என்றார். தாராவிப் பெரியவர் ஒருவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின்பு ‘பராசக்தி’ என்றார். இளைஞனோ ‘நாயகன்’ என்றான். இவர்களுள் எவரும் ஒரே முறை பார்த்த படத்தைக் கூறவில்லை என்பதை நாம் கவனித்தோம். ஒவ்வொருவரும் வசனம் முழுவதும் மனப்பாடமாகிவிட்ட படத்தையே கேட்டனர்.

முடிவு தெரிந்த கதையை மீண்டும் பார்ப்பதில் என்ன இன்பம் என்று அறிவுடையோர் கேட்கலாம். நம் முன்னோர் இக்கேள்வியைக் கேட்டதில்லை. ஊர்க் கோயில் திடலில் விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்தவர் எவருக்கும் பாரதக் கதையின் முடிவு தெரியாமலில்லை. தெரிந்த இடம் வரும்பொழுது எல்லோரும் ஒருசேர நிமிர்ந்து உட்காருவதே கூத்தின் சுவை. ஊரை விட்டு வந்த நமக்கு அந்தத் திடலின் வேலையைத் திரைப்படம் செய்துவருகின்றது.

காளிதாஸ் பிறந்த நகர்

நம் மும்பைவாசிகள் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. தமிழ் பேசிய முதற்படம் சென்னையில் எடுக்கப்பட்டதன்று. அன்று பம்பாய் என்று வழங்கிய இந்நகரிலேயே எடுக்கப்பட்டது. 1931-ஆம் ஆண்டு ‘ஆலம் ஆரா’ என்னும் இந்திப் பேசும் படத்தை வெளியிட்ட அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனமே அவ்வாண்டு அக்டோபர் 31-ஆம் நாள் ‘காளிதாஸ்’ என்னும் படத்தையும் வெளியிட்டது. எச். எம். ரெட்டி இயக்கினார், டி. பி. ராஜலட்சுமி நடித்தார். தமிழும் தெலுங்கும் கலந்து ஒலித்த படம் அது. ஒரே கூரையின் கீழ் பல மொழி கேட்கும் நம் சால் வீடுகளைப் போன்றதொரு படம் என்று சொன்னால் பொருந்தும்.

அந்தக் காளிதாஸை இன்று நாம் எவரும் பார்க்க இயலாது. ஒரு பிரதியும் எஞ்சவில்லை. வாழ்நாளெல்லாம் பார்ப்பேன் என்று ஒருவர் அதைத் தேர்ந்தெடுத்தாலும் பயனில்லை. மீண்டும் பார்ப்பது என்பது நாம் எண்ணுவதுபோல் எளிதில் கிட்டும் பேறன்று; இச்செய்தியைப் பின்னரும் தொடுவோம்.

சீட்டுக் கிடைக்காத அண்ணன்

‘பராசக்தி’ 1952-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்தது. கிருஷ்ணன்–பஞ்சு இயக்க, மு. கருணாநிதி வசனம் எழுத, சிவாஜி கணேசன் முதன்முதலாகத் திரையில் தோன்றிய படம். இப்படத்தைப் புகழ்வோர் நீதிமன்றக் காட்சியையே புகழ்வர். நாமும் அதையே எதிர்பார்த்தோம். தாராவிப் பெரியவர் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கப்பல் சீட்டைப் பற்றிச் சொன்னார்.

கதை நினைவிருக்கும். மூன்று அண்ணன்மார் இரங்கூனில் பிழைக்கின்றனர். மதுரையில் தங்கைக்குத் திருமணம். போர்க்காலமாதலால் மூவருக்கும் சீட்டுக் கிடைக்கவில்லை, ஒருவனுக்கே கிடைக்கின்றது. இளையவன் புறப்படுகின்றான். கப்பலோ காலத்தில் வந்து சேரவில்லை. அவன் வந்தபொழுது தங்கை கணவனையும் தந்தையையும் இழந்து கைம்பெண்ணாக நிற்கின்றாள்.

பெரியவர் அறுபதுகளில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் அமர்ந்தவர். அவருக்கும் ஒரே தங்கை. அவள் திருமணத்தின்போது வேலைத்தலத்தில் விடுப்புக் கிட்டவில்லை. விடுப்பை மீறிச் செல்லலாமென்றால் இரயில் செலவுக்குக் கையில் பணமுமில்லை. சீர்ப்பணத்தை மணியார்டரில் அனுப்பிவிட்டு, முகூர்த்த வேளையில் தோலைச் சுண்ணாம்பு நீரில் முக்கிக்கொண்டிருந்தாராம். தங்கை நன்றாகவே வாழ்ந்தாள். பேரன் பேத்தி கண்டாள். ஆனால் அண்ணன் வரவில்லையென்று மணமேடையில் அவள் அழுததைப் பிறர் சொல்லக் கேட்டவர் இவர்.

“அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தேனென்று கணக்கில்லை ஐயா. ஒவ்வொரு முறையும் அந்தச் சீட்டு வாங்குமிடம் வரும்பொழுது, இந்தத் தடவையாவது மூன்று பேருக்கும் கிடைத்துவிடாதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்,” என்றார்.

அறையில் சிறிதுநேரம் எவரும் பேசவில்லை. மீண்டும் மீண்டும் பார்ப்பதன் காரணத்தை இதைவிடத் தெளிவாக எவரும் உரைத்து நாம் கேட்டதில்லை. படம் மாறுவதில்லை, பார்க்கின்றவர் தம் வாழ்க்கையைக் கொண்டுவந்து அதன் அருகில் வைத்துப் பார்க்கின்றார்.

மோகனாம்பாள் ஏறிய இரயில்

செம்பூர் அம்மையார் தேர்ந்தெடுத்த ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968-இல் வந்தது. ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதையை ஏ. பி. நாகராஜன் படமாக்கினார். சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜியும் மோகனாவாகப் பத்மினியும் நடித்தனர். நாம் கேட்கும் நாதசுரம் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. டி. எஸ். பாலையாவின் தவிலும், நாகேஷின் வைத்தியும், மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணியும் நம் வீடுகளில் உறவினரைப்போல் பழகிவிட்டனர்.

அம்மையாருக்கு அதில் பிடித்த இடம், இரயில் வண்டிக்குள் காதலர் இருவரும் சுற்றத்தார் நடுவே கண்ணாலேயே பேசிக்கொள்ளும் இடமாம். திருமணமான மறுவாரமே கணவரோடு தாதர் வண்டியில் ஏறியவர் அவர். எதிர் இருக்கையில் மாமியார். இரண்டு இரவுப் பயணத்தில் கணவரிடம் அவர் பேசியது நான்கே சொற்கள் என்று கூறி நகைத்தார். கணவர் மறைந்து ஆண்டுகள் சில ஆகின்றன. அந்தக் காட்சி வரும்பொழுது பேரப்பிள்ளைகள் “பாட்டி, உங்கள் இரயில் வந்துவிட்டது” என்று அடுக்களையிலிருந்து அவரை அழைக்கின்றனர்.

செம்பூர் நண்பர்கள் பத்மினியின் பெயரைக் கேட்டால் இன்னொன்றையும் நினைவூட்டத் தவறுவதில்லை. ராஜ் கபூர் 1948-இல் நிறுவிய ஆர். கே. ஸ்டூடியோ செம்பூரிலேதான் இருந்தது. அந்நிறுவனத்தின் 1960-ஆம் ஆண்டுப் படத்தில் பத்மினியும், 1964-இல் வந்த ‘சங்கம்’ படத்தில் வைஜயந்திமாலாவும் நடித்தனர். 2017-இல் அங்குத் தீப்பற்றியது. பின்னர் நிலமும் கைமாறியது. இன்று அவ்வழியே செல்லும் பிள்ளைகளுக்கு நாம் சொன்னாலன்றி அவ்விடத்தின் பெருமை தெரியாது.

பாலையா நடத்தும் தமிழ்ப் பள்ளி

நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும் பயில்கின்றனர். வீட்டில் தமிழ் கேட்கின்றனர். கேட்டதற்கு வேறு மொழியில் விடை தருகின்றனர். இஃது எல்லா இல்லங்களிலும் உள்ள குறை. இதற்கு நாம் கண்ட மருந்துகளுள் ஒன்று, ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’.

1964-இல் வந்த அப்படத்தில், ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ முதலாளியான நாகேஷ் தம் தந்தை பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி ஒன்றுண்டு. நாகேஷ் சொல்லச் சொல்லப் பாலையாவின் முகம் படும் பாட்டைக் கண்டு சிரிக்காத பிள்ளையை நாம் கண்டதில்லை. இரண்டாம் முறை பார்க்கும்பொழுது பிள்ளை அதைப் பேசிப் பார்க்கின்றது. மூன்றாம் முறை, தந்தையைப் பாலையாவாக உட்கார வைத்துத் தானே கதை சொல்லத் தொடங்குகின்றது. இலக்கணப் புத்தகம் செய்ய மாட்டாததை அந்தக் காட்சி செய்துவிடுகின்றது. இதே கதை 1966-இல் ‘பியார் கியே ஜா’ என்று இந்தியில் வந்து, மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் அவ்விடங்களில் நடித்தனர். ஆகையால் அடுத்த வீட்டு மராத்திய நண்பரும் இக்காட்சியைத் தமக்குரியதென்று கொண்டாடுகின்றார். எது சிறந்ததென்ற வழக்கு நம் மாடிப்படியில் இன்னும் தீரவில்லை.

திரையில் தாராவி

இளைஞன் கூறிய ‘நாயகன்’ 1987-இல் வெளிவந்தது. மணிரத்னம் இயக்கம், இளையராஜா இசை. கமல்ஹாசனுக்கும், ஒளிப்பதிவாளர் பி. சி. ஸ்ரீராமுக்கும், கலை இயக்குநர் தோட்டா தரணிக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. தூத்துக்குடியிலிருந்து ஓடிவந்த சிறுவன் வேலு இந்நகரில் நாயக்கராக வளர்ந்த கதையை நாம் இங்குத் திரும்பக் கூற வேண்டுவதில்லை. இந்நகரில் வாழ்ந்த வரதராஜ முதலியாரின் வாழ்வைத் தழுவியதென்று பேசப்பட்ட படம்.

அதில் நாம் காணும் தாராவியின் பெரும்பகுதி சென்னை ஸ்டூடியோவில் தோட்டா தரணி அமைத்த அரங்கமே. தாராவியில் பிறந்து வளர்ந்த நண்பர் ஒருவர், “சந்து சரி, தண்ணீர்க் குழாய் சரி, மனிதரைத்தான் குறைத்துவிட்டார்கள்” என்பார். செருப்புத் தைப்பவர், இட்லி விற்பவர், மண்பாண்டம் வனைபவர், பள்ளிக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடும் தாய் ஆகிய இவர்களே தாராவி. தாதாவின் கதையைக் கண்டு ஊர்க்காரர் நம்மை அஞ்சுகின்றார்களே என்பது அவர் குறை. அக்குறையில் நியாயமுண்டு. தாராவி முகவரியைச் சொன்னதும் பெண் பார்க்க வந்தவர் முகம் மாறியதை நம்மிற் சிலர் கண்டிருக்கின்றோம். 2018-இல் பா. இரஞ்சித்தின் ‘காலா’, நிலத்தை விட்டுக்கொடுக்க மறுக்கும் தாராவி மக்களைக் காட்டியபொழுது, அதே நண்பர் இரண்டு முறை சென்று பார்த்தார்.

ஆயினும் இளைஞன் ‘நாயகன்’ படத்தை விரும்புவது சண்டைக்காக அன்று. முதுமையில் நாயக்கரைப் பார்த்துப் பேரன், நீங்கள் எத்தகைய மனிதர் என்று வினவ, அவர் விடை தெரியாமல் நிற்கும் இடத்திற்காகவே பார்க்கின்றானாம். “என் தாத்தாவிடம் நான் எதையும் கேட்கவில்லை, கேட்பதற்குள் போய்விட்டார்,” என்றான். தாராவித் தோற்கிடங்கிலிருந்து தொடங்கி இக்குடும்பத்தை மாதுங்கா வரை கொண்டுவந்தவர் அந்தத் தாத்தா. வீட்டுக்காரர் அப்பொழுது சன்னலை மூட எழுந்து சென்றார்.

அழியும் சுருள்கள்

ஒரு காலத்தில் தமிழ்ப்படம் பார்க்க நமக்குப் புகலிடமாயிருந்தது கிங் சர்க்கிளில் இருந்த அரோராக் கொட்டகை. 2016-இல் ‘கபாலி’ வந்தபொழுதும் விடியற்காலையிலேயே அங்குத் திருவிழாக் கூட்டம். ஒற்றைத் திரைக் கொட்டகைகள் நகரெங்கும் அருகிவிட்ட இந்நாளில் நாம் கைப்பேசியில் தனித்தனியே பார்க்கின்றோம். படம் கையில் இருக்கின்றதே என்ற மெத்தனமும் வந்துவிட்டது.

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாளை நாம் மறந்திருக்க மாட்டோம். சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அன்று நம் தரைத்தள வீட்டில் புகுந்த நீரில் மூன்று தட்டு வீடியோ நாடாக்கள் ஊறிப்போயின. அரிசி போனது மறுவாரம் மறந்தது. தந்தையார் தம் கையெழுத்தில் பெயரெழுதி வைத்திருந்த ‘ஔவையார்’ நாடா போனது இன்றும் வருத்துகின்றது. உயரத்தில் வைக்க வேண்டுமென்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நாம்தான் நாளை நாளை என்றிருந்தோம்.

நாட்டுக்கும் இக்கதையே. பழைய படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டினால் ஆனவை. வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவும் பல அழிக்கப்பட்டன. புணேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் தோன்றியதே 1964-இல்தான். அங்கும் 2003-இல் நேர்ந்த தீயில் பழஞ்சுருள்கள் பல மாண்டன. மறுபுறம், பேணியவர்க்குப் பயனும் உண்டு. 1964-இல் பி. ஆர். பந்துலு எடுத்த ‘கர்ணன்’ புதுப்பிக்கப்பட்டு 2012-இல் மீண்டும் வெளிவந்து, சென்னையில் நூறு நாட்களைக் கடந்து ஓடிற்று. வங்கி நண்பர் விடுப்பெடுத்துச் சென்னைக்கே சென்று, தம் மகனை அருகில் அமர்த்தி அதைப் பார்த்துவந்தார்.

காப்பகம் சுருளைக் காக்கும். சீட்டுக் கிடைக்காத அண்ணனையும், நான்கு சொல் பேசிய மணப்பெண்ணையும் காப்பது நம் வேலை. ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள மூத்தவரிடம் அவர் விரும்பும் படம் யாதென்று கேளுங்கள். கேட்டபின் குடும்பத்தோடு அமர்ந்து அதைப் பாருங்கள். எந்த இடத்தில் அவர் நிமிர்ந்து உட்காருகின்றார் என்பதைக் கவனித்து, ஏன் என்று கேளுங்கள். விடையைப் பிள்ளைகள் கையால் தமிழில் எழுதி நம் இதழுக்கு அனுப்புங்கள். எழுத்துப் பிழை இருந்தால் குற்றமில்லை, நாம் திருத்திக்கொள்வோம்.

அன்று மழை விட்டதும் யாவரும் எழுந்தோம். பெரியவரைத் தாராவி வரை கொண்டுவிட இளைஞனே உடன் சென்றான். வழியில் ‘பராசக்தி’ கதையை முழுவதும் கேட்டு வந்ததாகவும், அடுத்த ஞாயிறு பெரியவர் வீட்டில் அப்படத்தை இருவரும் பார்ப்பதாகவும் மறுநாள் தொலைபேசியில் கூறினான்.