பற்படிவில் நுண்ணங்கிகளின் அயலுறவு

1683இல் அன்ரனி வான் லேவன்ஹுக் தமது பற்களிடையே சுரண்டியெடுத்த வெண்படிவை நீரிற் கலந்து வில்லையினூடாக நோக்கியபோது நுண்ணுயிர்கள் அசைந்து திரியக் கண்டார். ஆயின், சுரண்டிக் கலந்த அக்கணமே அவ்வுயிர்கள் தம்முட் கொண்டிருந்த இடவுறவு குலைந்துவிட்டது. இன்றைய மரபணுத்தொடர் ஆய்வும் இக்குறையினின்று நீங்கியதன்று. படிவைக் கரைத்து டி. என். ஏ.யைப் பிரித்தெடுத்தால் குடிகளின் பெயர்ப்பட்டியல் கிடைக்கும். எது எதற்கு அயல் என்பது கிடையாது.

1970களில் இலத்திரன் நுணுக்குக்காட்டி, நீண்ட இழையொன்றைச் சூழக் கோளவுருக் கலங்கள் சோளப்பொத்தி போல் ஒட்டியிருப்பதைத் தெளிவாகக் காட்டிற்று. வடிவம் தெரிந்தது, இனம் தெரியவில்லை. நீரகற்றிய மாதிரியே அதற்கு வேண்டியிருந்தமையால் படலம் சுருங்கிப்போதலும் நேர்ந்தது. பின்னர் பொதுக்குவிய நுணுக்குக்காட்டி, ஈரம் நீங்காத படலத்தை அடுக்கடுக்காக நோக்க வழிசெய்தது.

இனங்காணும் வழியை 1989இல் டிலோங், பேஸ் முதலியோர் திறந்தனர். றைபோசோம் ஆர். என். ஏ.யின் சில பகுதிகள் இனத்துக்கு இனம் வேறுபடுவன. அவற்றோடு பிணையத்தக்க, ஏறத்தாழ 20 நியூக்கிளியோரைட்டு நீளமான துண்டில் ஒளிர்சாயம் பூட்டிச் செலுத்தினால் உரிய கலம் மட்டும் ஒளிரும். ஒரு கலத்தில் ஆயிரக்கணக்கான றைபோசோம்கள் உள்ளமையாலேயே அவ்வொளி கட்புலனாகிறது. றைபோசோம் குன்றிய உறங்குநிலைக் கலங்கள் மங்கித் தோன்றும். ஒளிராதவற்றை இல்லாதன எனக் கொள்வோர் ஏமாறுவர்.

சாயங்களின் நிறமாலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் நெடுங்காலம் ஒரே படத்தில் மூன்று, நான்கு இனங்களையே பிரித்தறிய முடிந்தது. 2011இல் வால்ம், பொரிசி ஆகியோரின் குழு ஒவ்வோர் இனத்துக்கும் இரு சாயங்களைச் சோடியாக அளித்தது. 6 சாயங்களிலிருந்து 15 சோடிகள் பிறக்கும். கலந்த ஒளியைக் கணினி பகுத்தறியும்.

இம்முறைகொண்டு 2016இல் மார்க் வெல்ச் குழுவினர் வெளியிட்ட படங்கள் பழைய கருத்தொன்றை அசைத்தன. பற்படிவின் பல்வேறு இனங்களைப் பிணைக்கும் பாலமாகப் பியூசோபற்றீரியமே அதுவரை கருதப்பட்டது. படங்களிலோ, கொரினிபற்றீரியத்தின் இழைகளே அடியிலிருந்து கதிர்போல் விரிந்து சட்டகமாய் நின்றன. அவற்றின் நுனிகளை, சோளப்பொத்தி மணிகளாக, ஸ்ரெப்ரோகொக்கசு சூழ்ந்திருந்தது. அது ஒட்சிசனைச் செலவிட்டுக் காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறது. அதற்குச் சற்று உள்ளே, காபனீரொட்சைட்டை வேண்டும் கப்னோசைற்றோபாகாவும் ஒட்சிசன் குறைந்த சூழலை விரும்பும் பியூசோபற்றீரியமும் இருந்தன. பெயர்ப்பட்டியல் எத்துணை நீளினும் இவ்வொழுங்கை உரைத்திராது.

எனினும், இம்மாதிரிகள் நிலைப்படுத்தப்பட்டவை. அவற்றிலுள்ள கலங்கள் உயிரற்றவை. அயலிலிருப்பது துணைபுரிகிறதா, சுரண்டுகிறதா என்பதைப் படமொன்றே தீர்மானிக்காது. காபன் 13, நைதரசன் 15 ஆகிய சமதானிகளைக் கொண்ட உணவை முன்கூட்டியே ஊட்டி, அவை எக்கலத்தைச் சென்றடைந்தன எனத் திணிவு நிறமாலைமுறையால் அளந்து, அவ்வளவீட்டை ஒளிர்படத்தோடு பொருத்திப் பார்க்கும் ஆய்வுகள் இவ்வினாவையே தொடர்கின்றன.