மணவறையில் ஹோர்ற்றென்சியே

ஆடி கழிந்து ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கும் வேளையில், ஜேர்மனிய வீட்டு முற்றங்களில் ஹோர்ற்றென்சியே கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கின்றது. நுவரெலியாப் பூந்தோட்டங்களில் எம்மவர் பலர் கண்ட அதே பூ. மணவறை அலங்காரத்திற்கு அதனைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்பதே எமது கருத்து. மாலைக்கு ஆகாது, நீரைப் பிரிந்தால் விரைவில் துவண்டுவிடும். பூச்சாடியில் வாடிய கொத்தை முழுமையாக நீரில் அமிழ்த்தி வைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். நச்சுத்தன்மை உள்ளதாகையால் பந்தி இலைக்கு அருகிலும் வேண்டாம்.

கூறைக்கு இசைந்த நீலம் வேண்டித் தோட்டத்தில் நடுவோர் மண்ணைக் கவனிக்கவேண்டும். அமில மண்ணில் அலுமினியத்தை உறிஞ்சி நீலமாகும் அதே செடி, சுண்ணாம்பு மண்ணில் இளஞ்சிவப்பாகிவிடும்.

விசா கிடையாமையாற் பெற்றோர் வராத திருமணங்களை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். இம்மலர்க்கும் பிரிவின் கதையொன்று உண்டு. வூர்ஸ்பேர்க்கிற் பிறந்த மருத்துவர் சீபோல்ட், 1829இல் யப்பானிலிருந்து வெளியேற்றப்பட்டார். துணைவி தக்கியையும் இரண்டு வயது மகளையும் அங்கேயே விட்டுவர நேர்ந்தது. ஐரோப்பா திரும்பியபின், ஹோர்ற்றென்சியே வகையொன்றுக்குத் துணைவியின் நினைவாக ‘ஒத்தாக்சா’ எனப் பெயர் சூட்டினார். மகளை அவர் மறுபடி கண்டது, தடை நீங்கி 1859இல் யப்பான் சென்றபோதுதான்.